தூசி, தண்ணீர், காற்று: பழைய டிரெய்லரைச் சொந்தமாக ஓட்டுபவர்களுக்கு

சிங்கம்புணரியில் தென்னை நார்ச்சரக்கு ஏற்றினால் தூத்துக்குடித் துறைமுகம். திரும்பும்போது எது கிடைக்கிறதோ அதுவே லோடு. இப்படி ஓட்டுகிறவர் கையில் பெரும்பாலும் இருப்பது பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டிதான்: முன்னால் இழுக்கும் ஆறு சக்கர ஹார்ஸ், மூன்று ஆக்சில் டிரெய்லர், மொத்தம் 18 சக்கரம். கம்பெனி வண்டி நின்றால் டெப்போவில் இன்னொன்று இருக்கும். சொந்த வண்டி நின்றால் அன்றைக்கு அடுப்பும் டியூவும் சேர்ந்து நிற்கும். அதனால்தான் பழைய வண்டி வாங்கியவருக்கு முதல் பயம் இன்ஜின் உட்கார்ந்துவிடுமோ என்பது.

இன்ஜின் ஒரே நாளில் உட்காராது. மாதக்கணக்கில் தூசி தின்றிருக்கும், அல்லது கெட்ட தண்ணீரில் வெந்திருக்கும். பிரேக்கும் அப்படித்தான், எங்கோ ஓர் ஓரத்தில் நாள்கணக்கில் காற்று கசிந்துகொண்டிருக்கும். தூசி உள்ளே போகக்கூடாது, தண்ணீர் கெடக்கூடாது, காற்று வெளியே போகக்கூடாது. பழைய வண்டியின் பெரும்பாலான செலவு இந்த மூன்றில் ஏதோ ஒன்றை விட்டதால் வருவது. காலையில் 20 நிமிடம் ஒதுக்கினால் மூன்றையும் பிடித்துவிடலாம்.

தூசி

செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது காட்டிக்கொடுத்துவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றிய பிறகு, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயின் உள்பக்கத்தை ஒரு விரலால் துடைத்துப் பாருங்கள். விரல் சுத்தமாக வரவேண்டும், அதிகம் போனால் லேசான எண்ணெய்ப் பசை இருக்கலாம். செந்நிறமாக வந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது என்று அர்த்தம். அப்போது ஃபில்டரை மாற்றி மட்டும் பயனில்லை, ஓட்டையைத் தேட வேண்டும்.

அந்த ஓட்டை மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, ரப்பர் வளைகுழாயில் கிளிப்புக்கு அடியில் விழுந்த வெடிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கிளிப்பைக் கழற்றி ரப்பரை மடக்கிப் பார்த்தால்தான் வாய் பிளக்கும். இரண்டு, ஃபில்டர் டப்பாவின் வாய் நசுங்கி ரப்பர் சீட் சரியாக உட்காராதது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிரேக் கம்ப்ரஸருக்குக் காற்று எடுக்கும் சின்ன ஹோஸ். பல வண்டிகளில் அது ஃபில்டரைத் தாண்டிய சுத்தக் காற்றுக் குழாயிலிருந்துதான் போகும். அது இற்றுப்போனால் கம்ப்ரஸரும் தூசி தின்னும், இன்ஜினும் தூசி தின்னும். எம்சீல் வைத்து ஒட்டுகிற இடம் இதுவல்ல. ஹோஸையே மாற்றி, அகலமான பட்டைக் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

ஃபில்டரை டயரில் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தட்டினால் காகிதம் விளிம்பில் கிழியும், கண்ணுக்குத் தெரியாது. ஏர் அடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, 2 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல், முனையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். பஞ்சர் கடை ஹோஸை நேராக வைத்து முழு அழுத்தத்தில் அடித்தால் காகிதம் ஊசி ஊசியாக ஓட்டையாகும். ஏர் அடித்தபின் ஒரு பல்பை உள்ளே விட்டு இருட்டில் பாருங்கள், வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் தூக்கி எறியுங்கள். உள்ளே இருக்கும் சின்ன சேஃப்டி ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது. வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றினால் இதை ஒருமுறை மாற்றுங்கள். திருமயம், புதுக்கோட்டைப் பக்கம் கிரஷர் லோடு அடிக்கிற வண்டிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. டாஷ்போர்டில் அல்லது டப்பாவில் உள்ள சிவப்பு இண்டிகேட்டர்தான் கணக்கு.

தூசி தின்ற இன்ஜினின் அடையாளம் ஆயில் குறைவதும், மூச்சுக்குழாயில் புகை அடிப்பதும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. எகிறி விழுந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. பழைய வண்டி வாங்கும்போது பாடிப் பெயிண்ட்டைப் பார்ப்பதைவிட இந்த ஒரு நிமிடச் சோதனை மேலானது.

தண்ணீர்

காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் இனிப்பு ஊருக்கே தெரியும். குடிக்க இனிக்கிற தண்ணீர் ரேடியேட்டருக்கு நல்லது என்று அர்த்தமில்லை. நாக்குக்குச் சுவை தருவதே அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான், சூடாகும்போது அவை ரேடியேட்டர் குழாயிலும் சிலிண்டர் தலையிலும் சுண்ணாம்பாகப் படியும். ராமநாதபுரம் பக்கம் போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது துருவுக்கும் சேர்த்து வழி செய்யும். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரையும் கூலன்ட்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். கொதிநிலையை உயர்த்துவதும், துருவையும் அரிப்பையும் தடுப்பதும்தான் இங்கே அதன் வேலை. வெட் லைனர், அதாவது தண்ணீர் நேராகத் தொடும் சிலிண்டர் உறை, போட்ட இன்ஜினில் இது இன்னும் முக்கியம். லைனர் அதிர்வில் தண்ணீர்ப் பக்கம் நுண்குமிழிகள் வெடித்து வெடித்து ஊசித்துளை விழும், ஒருநாள் ஆயிலில் தண்ணீர் கலக்கும். கூலன்ட்டில் உள்ள மருந்து அந்தத் துளையைத் தடுக்கிறது. இரண்டு வருடத்தில் மருந்து தீர்ந்துவிடும், நிறம் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வழியில் அவசரத்துக்கு ஊற்ற ஒரு கேன் எப்போதும் கேபினில் இருக்கட்டும். முற்றத்தில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கும் வீடு உங்களுடையதானால், வடிகட்டிய அந்த மழைத்தண்ணீர் போர்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். ஓட்டில் விழுந்த முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கத்திரி வெயிலில் சூடு ஏறினால் பட்டறையில் முதலில் செய்வது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாமல் இன்ஜின் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடும், ஆயிலில் கசடு சேரும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி அடைபடாமல் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், சூடு இன்னும் கூடும். கழற்றினால் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துத் தெர்மாமீட்டரோடு பாருங்கள். அதன்மேல் அச்சிட்ட வெப்பநிலையில், கம்மின்ஸ் 5.9-க்கு 83 டிகிரி வாக்கில், வாய் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

சூட்டுக்குக் காரணம் தேடும் வரிசை எளிதிலிருந்து தொடங்கட்டும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. தாழ வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இற்றிருந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும், அதன் விலையும் சொற்பம். அடுத்து ரேடியேட்டரின் முகம்: டர்போ ஹோஸில் கசியும் ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து களிம்பாக அடைத்திருக்கும், அதுவும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், வெளியே தெரியாத இடத்தில். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி, குறைந்த அழுத்தத்தில், சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் காட்டினால் தகடுகள் மடிந்து அடைத்துக்கொள்ளும். இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏறினால், இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தொடக்கத்திலிருந்தே விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். சூடான ரேடியேட்டரைத் திறக்காதீர்கள், கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஹெட் வெடித்தால் வண்டியின் விலையில் ஒரு பங்கு போகும்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு லேப் தேவையில்லை. காய்ந்த இரும்புத் தகடு ஒன்றை நன்றாகச் சூடாக்கி ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தமில்லாமல் புகைந்தால் சரி. தாளிக்கும்போது கடுகு பொரிவதுபோல் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது.

ஆயில், வால்வு, டீசல்

15டபிள்யூ-40 ஆயில், சிஐ-4 தரம் எழுதியது, பழைய டர்போ இன்ஜினுக்குப் போதும். தூசி ரோட்டில் ஓடும் பழைய இன்ஜினுக்கு 10,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுவது என் கணக்கு. கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பிரித்துக் காகித மடிப்பை வெயிலில் பாருங்கள். கருப்புச் சாம்பல் இயல்பு. செம்பு நிறத் துகளோ வெள்ளி மினுக்கோ தெரிந்தால் பேரிங் பேசுகிறது. அப்போது ஆயில் சம்பைக் கழற்றி மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் பார்ப்பது சில ஆயிரம் ரூபாய் வேலை. கிராங்க் அடிவாங்கிய பிறகு பார்ப்பது லட்சக் கணக்கு.

டாடா பெயர் வைக்கும் வழக்கப்படி 4018 என்றால் 40 டன், 180 குதிரைசக்தி. அதில் இருப்பது 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் கம்மின்ஸ். இதற்கு வால்வு இடைவெளி பார்ப்பதைச் சொந்தமாகவே செய்யலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், 60 டிகிரிக்குக் கீழ். இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. கியர் ஹவுசிங் பின்னால் உள்ள டைமிங் பின்னை மெல்ல அழுத்திக்கொண்டே கிராங்கைக் கையால் சுற்றினால், முதல் சிலிண்டர் டாப்புக்கு வரும்போது பின் உள்ளே விழும். அந்த நிலையில் இன்டேக்கில் 1, 2, 4, எக்ஸாஸ்ட்டில் 1, 3, 5 ஆகியவற்றைச் செட் செய்யுங்கள். பிறகு பின்னை வெளியே இழுத்துவிட்டு, டேம்பர் புல்லியில் சாக்பீஸ் குறி போட்டு ஒரு முழுச்சுற்று சுற்றி, இன்டேக் 3, 5, 6, எக்ஸாஸ்ட் 2, 4, 6. ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வரவேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு நகரும். பின்னை இழுக்க மறந்து கிராங்கைச் சுற்றினால் அது உடையும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

இன்ஜினில் உள்ள டீசல் பம்பில் ‘கொஞ்சம் இழுவை கூட்டித் தருகிறேன்’ என்று ஸ்க்ரூவைத் திருப்புகிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள். கரும்புகையாகப் போவது எரியாத டீசல், உங்கள் பணம். பிஸ்டன் தலை உருகுவதும் அதனால்தான். பம்பும் நாசிலும் டெஸ்ட் பெஞ்சில்தான் பார்க்கப்பட வேண்டும். வாட்டர் செப்பரேட்டரை வாரம் இருமுறை திறந்து ஒரு டம்ளர் அளவு வடித்துவிடுங்கள், ஐப்பசி, கார்த்திகையில் தினமும். டீசல் தீர்ந்து ஏர் பிடித்தால் கைப்பம்பை அடித்துக்கொண்டே ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். நுரை நின்று கம்பிபோல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். செல்ஃபை 15 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள்.

காற்று

இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செட்டிநாடு சமதரை. திருச்சிக்கோ ராமநாதபுரத்துக்கோ போய்வருகிற வண்டிக்குப் பிரேக் முழுப்பலமும் தேவைப்படுவதில்லை. லைனிங் தேய்ந்து, அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்து, பாதிச் சக்கரம் மட்டும் பிடிக்கிற வண்டிகூட இங்கே மாதக்கணக்கில் ஓடிவிடும். ஒருநாள் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லோடு கிடைக்கும். ஆரியங்காவு இறக்கத்தில் தெரியவரும். டிரம் சூடாகும்போது விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது, ஆகவே சேம்பரிலிருந்து, அதாவது காற்று போய்த் தள்ளும் பிரேக் டப்பாவிலிருந்து, ஏற்கெனவே நீளமாக வந்துகொண்டிருந்த கம்பி இன்னும் நீளம் தேடும், சேம்பருக்குள் அதற்கு மேல் இடமில்லை. பெடல் உறுதியாக இருக்கும், பிரேக் இருக்காது. அதனால் சமதரையில் ஓட்டுகிறவர்தான் பிரேக்கை அளந்து பார்க்க வேண்டும், காலின் உணர்வை நம்பக்கூடாது.

அளப்பது இப்படி. சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காற்று 7 பார் ஏறியதும் இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஒவ்வொரு சேம்பரிலும் கம்பி வெளியே வரும் வாயோரம் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஹார்ஸில் நான்கு, மூன்று ஆக்சில் டிரெய்லரில் ஆறு, ஆக மொத்தம் பத்து. உதவிக்கு ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, கோடு எவ்வளவு வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 30 டைப் சேம்பருக்கு 50 மி.மீ., 24 டைப்புக்கு 45 மி.மீ. கடைசி எல்லை. அதைத் தொடவிடாமல் முன்பே சரிசெய்ய வேண்டும். ஒரே ஆக்சிலில் இடமும் வலமும் ஒன்றுபோல வரவேண்டும், இல்லாவிட்டால் மழையில் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

அந்தக் கம்பியையும் பிரேக்கின் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது ஸ்லாக் அட்ஜஸ்டர். அது கையால் அட்ஜஸ்ட் செய்வதானால், லாக் வளையத்தை ஸ்பேனரால் உள்ளே அழுத்தித் தலையைத் திருப்புங்கள். கேம் ஷாஃப்ட் பிரேக் பிடிக்கும் பக்கம் சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கம் சுழன்றால் நீங்கள் தளர்த்துகிறீர்கள். லைனிங் டிரம்மில் முட்டி நின்றதும் கால் முதல் அரைச்சுற்று பின்னால் விடுங்கள். லாக் வளையம் மறுபடி வெளியே வந்து பிடித்திருக்கிறதா பாருங்கள். ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர் இருந்தால் அடிக்கடி கையால் திருப்பிச் சரிசெய்யக்கூடாது. அது தானாகச் சரியாகவில்லை என்றால் கேம் புஷ்ஷோ, பின்னோ, அட்ஜஸ்டரே தேய்ந்ததோ காரணம். திருப்பிவிட்டால் நோய் மறைந்திருக்கும், தீராது.

கசிவுக்குக் காதுதான் கருவி. விடியற்காலை, பக்கத்தில் சத்தம் இல்லாதபோது, டாங்க் நிரம்பியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி நடங்கள். பெடலை மிதிக்காமல் ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு மேல், மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடத்தில் 0.3 பாருக்கு மேல் முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. மிதித்தால் மட்டும் கேட்கும் கசிவு சேம்பர் டயாஃபிரம் அல்லது சர்வீஸ் லைன். மிதிக்காமலே கேட்பது டாங்க், வால்வு அல்லது சப்ளை லைன். சோப்பு நுரை தடவினால் இடம் தெரிந்துவிடும். ஹார்ஸுக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள சிவப்பு, மஞ்சள் ஹோஸ்களின் இணைப்பில் உள்ள ரப்பர் வாஷர் பத்து ரூபாய்ச் சமாச்சாரம், கசிவில் பாதி அங்கேதான். நான்கு வாஷர் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

தினமும் டாங்க்கின் அடி வால்வை இழுத்து வடியுங்கள். வருவதைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் இயல்பு. ஏர் டிரையர் உள்ள வண்டியில் தண்ணீரே வரக்கூடாது, வந்தால் டிரையர் டப்பா தீர்ந்துவிட்டது. கஞ்சிபோல் வெளுத்து எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸர் ரிங் போயிருக்கிறது. அந்த எண்ணெய் எல்லா வால்வுக்குள்ளும் போய் ரப்பரை ஊதவைக்கும். கம்ப்ரஸரை மட்டும் சரிசெய்து வால்வுகளைச் சுத்தம் செய்யாமல் விட்டால் மூன்று மாதத்தில் ஒவ்வொரு வால்வாகக் கசியத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. பின்சக்கரத்தில் இருக்கும் இரட்டை சேம்பருக்குள் பெரிய சுருள்வில் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் கிளாம்ப்பைக் கழற்றினால் மூடி ஆளைக் கொல்லும் வேகத்தில் பறக்கும். டயாஃபிரம் மாற்றுவதானால் முதலில் பக்கத்தில் சொருகியிருக்கும் நீளமான போல்ட்டைப் பின்னால் விட்டுத் திருப்பிப் பூட்டி, நட்டை இறுக்கி வில்லைப் பின்னிழுத்து வைக்க வேண்டும். வில் இருக்கும் பின்பக்க டப்பா துருப்பிடித்திருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள். ரோட்டில் காற்று போய் அந்த வில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் வண்டியை நகர்த்தவும் அதே போல்ட்தான், நகர்த்துமுன் கட்டை கொடுத்துவிட்டு.

சுழலும் இடங்கள்

டிரெய்லர் உட்காரும் ஹார்ஸின் தட்டு, அதாவது டர்ன்டேபிளில் கிரீஸ் போடுகிறவர்கள் பழைய கிரீஸின் மேலேயே போடுகிறார்கள். செம்மண் கலந்த பழைய கிரீஸ் உப்புத்தாள் மாதிரி. மாதம் ஒருமுறை டிரெய்லரைப் பிரித்து, பழையதைச் சுரண்டி, டீசலால் துடைத்துவிட்டுப் புதிது போடுங்கள். டிரெய்லரின் அடியில் டர்ன்டேபிளில் பூட்டும் கிங் பின் புதிதில் 50.8 மி.மீ. விட்டம், தேய்ந்து 49-க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஒரு வெர்னியர் காலிபர் வாங்கி வையுங்கள். பூட்டும்போது ‘டக்’ என்ற சத்தத்தை நம்பாதீர்கள். டார்ச் எடுத்துக் கீழே போய், தாடை பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா, இரண்டு தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் மெல்ல இழுத்துச் சோதியுங்கள்.

ஹப் பேரிங்குக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னால் விட்டுப் பூட்டுங்கள். இறுக்கமாக விட்டால் வெந்துபோகும். 30 கிலோமீட்டர் ஓடி டீக்கு நிறுத்தும்போது எல்லா ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ கோளாறு. வீல் நட்டிலிருந்து துரு ஒழுகிய கோடு தெரிந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது. டயர் மாற்றிய நாள் 50, 100 கிலோமீட்டரில் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். புது யு-போல்ட்டுக்கும் இதே விதி, லோடு இருக்கும்போது இறுக்குங்கள். பின் ஆக்சிலின் நடுவே உள்ள கிரவுன் ஹவுசிங்கின் மேலுள்ள மூச்சுக்குழாய் மண்ணால் அடைத்தால் உள் அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளி லைனிங்கை நனைத்துவிடும். சீலை மாற்றுமுன் அந்தக் குழாயைப் பாருங்கள்.

டயரில் காற்றை விடியற்காலையில் மட்டும் பாருங்கள். 10.00 R20 அளவு ரேடியல் லோடுக்குப் பெரும்பாலும் 110 முதல் 120 பிஎஸ்ஐ. மதியம் மானாமதுரை ரோட்டில் 10, 15 பிஎஸ்ஐ கூடியிருக்கும், அது இயல்பு. சூடான டயரில் காற்றைக் குறைத்தால் சைடு அதிகம் மடங்கி, இன்னும் சூடாகி வெடிக்கும். இரட்டை டயரில் உள் டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அது காற்றில்லாமல் போனாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டே வரும். நடுவில் ஜல்லி சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். முன்சக்கரத்துக்கு ரீட்ரெட் வேண்டாம்.

உப்பும் மின்சாரமும்

சாயல்குடி, வேம்பார் வழியாகக் கடலோரம் போய்வரும் வண்டிக்குத் துரு இரட்டிப்பு வேகம். துருவையும் பேட்டரியையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. கடல்காற்றின் அரிப்பைச் சோதிக்க அவர்கள் மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தக் காற்றின் வலு புரியும். கடலோர டிரிப் முடிந்ததும் சேசிஸ் குறுக்குச் சட்டங்கள், ஏர் டாங்க்கின் அடி, இரும்பு பிரேக் பைப் ஆகியவற்றை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆயுத பூசைக்குக் கழுவுவது மட்டும் போதாது. கழுவியதும் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்து உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ளுங்கள்.

பேட்டரி இரண்டும் ஒரே வயது, ஒரே ஆம்பியரில் இருக்க வேண்டும். பாட்டுப் பெட்டிக்கும் மொபைல் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதுதான் பேட்டரி சீக்கிரம் சாவதற்கு முதல் காரணம். ஒன்று காலியாகும், மற்றது அதிகச் சார்ஜில் கொதிக்கும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது 27.5 முதல் 28.4 வோல்ட் வரவேண்டும். டிரெய்லர் விளக்கு மினுக்கினால் பல்பை மாற்றுமுன் எர்த் கம்பியின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள்.

சாமானும் பேரேடும்

எதில் லோக்கல் சாமான் வாங்கலாம், எதில் கூடாது என்று தெரிந்தால் நிறையப் பணம் மிஞ்சும். கண்ணாடி, மட்கார்டு, விளக்குக் கூடு, கேபின் ரப்பர் எல்லாம் லோக்கல் போதும், காயலான் கடையிலும் எடுக்கலாம். பேரிங், ஆயில் சீல், ஃபில்டர், கிளட்ச் ரிலீஸ் பேரிங், பிரேக் வால்வுக் கிட், லைனிங் ஆகியவற்றில் ஒரிஜினல்தான். 300 ரூபாய் மிச்சம் பிடித்த ஆயில் சீலுக்காக ஆக்சிலை இரண்டாவது முறை கழற்றினால் கூலியே அதைவிட அதிகம்.

செட்டிநாட்டில் பேரேடு எழுதுவதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வண்டிக்கும் ஒரு பேரேடு வையுங்கள். டாங்க் நிரப்பி, அடுத்தமுறை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து எழுதுங்கள். லோடோடு 3.2 கொடுத்த வண்டி 2.8-க்கு இறங்கினால், 600 கிலோமீட்டர் டிரிப்புக்கு 27 லிட்டர் கூடுதல். இறங்கியதும் பார்க்கும் வரிசை: டயர் காற்று, பிரேக் ஒட்டல், ஏர் ஃபில்டர், அதற்கப்புறம்தான் பம்பு. 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) உண்டு. தேதிக்கு ஒரு மாதம் முன்பே பிரேக், விளக்கு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஆகியவற்றை முடித்து வையுங்கள். கடைசி வாரத்தில் பட்டறை சொல்லும் விலைதான் விலை.

லோடு இல்லாமல் பத்து நாள் நிறுத்துவதானால் சமதரையில் கட்டை கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள், ஈரத்தில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். இதற்குக் காற்று இருக்கவேண்டும் என்பதால், நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு வில் போல்ட்டைப் பூட்டி வைப்பது வழி. பூட்டியதை ஸ்டீயரிங்கில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பேட்டரி எர்த்தைக் கழற்றி, ஏர் டாங்க்கை வடித்து, டீசல் டாங்க்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீராகும். மறுபடி எடுக்கும் நாள் போல்ட்டுகளைக் கழற்றி, காற்று ஏற்றி, பிரேக் பிடித்துப் பார்த்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் வெறும் வண்டியாக ஓட்டி இறங்கி, 18 சக்கரத்தின் டிரம்களையும் புறங்கையால் தொட்டு வந்தபிறகு லோடுக்குப் போங்கள்.